பாகூர், வில்லியனூர் ஏரிச் சேற்றில் கன உலோகம் சேர்ந்தால் என்ன நடக்கும்?

புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூருக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. மத்திய அரசின் கணக்குப்படி புதுச்சேரியின் இருப்பு 41 கோடி டன்னுக்கும் மேல். சுரங்கம் இன்னும் வரவில்லை. வரும் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் நிலம் போகும், நிலத்தடி நீர் இறங்கும் என்ற கவலைதான் முன்னால் நிற்கிறது. ஏரியின் அடிச்சேறு பற்றிய பேச்சு அவ்வளவாக எழுவதில்லை.

சேற்றில் அப்படி என்ன இருக்கு?

ஒரு கிராம் சேற்றில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். இலை தழையை மட்க வைப்பது, மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது எல்லாம் இவற்றின் வேலை. ஆக்சிஜன் இருப்பது மேல் அடுக்கில் மட்டும்தான். சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அது ஆக்சிஜன் இல்லாமல் சல்பேட்டை வைத்து வாழும் பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு.

சுரங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிலக்கரிப் படிவங்களோடு பைரைட் என்ற இரும்பு, கந்தகக் கனிமம் கலந்திருப்பது வழக்கம். பூமிக்குள் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. தோண்டி வெளியே கொட்டினால், காற்றும் மழையும் பட்டு கந்தக அமிலமாகும். இந்த வேலையை வேகப்படுத்துவதும் ஒருவகை பாக்டீரியாதான். அந்த அமிலம் மண்ணில் உள்ள உலோகங்களைக் கரைத்து வாய்க்காலில் சேர்த்துவிடும். அமெரிக்காவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் பேட்டரி அமிலத்தைவிடக் கடுமையான நீர் பதிவாகியிருக்கிறது.

பாகூர் ஏரிக்கு தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரி. தண்ணீரோடு வரும் எதுவும் கடைசியில் இந்த ஏரிகளின் அடியில்தான் படியும். சுரங்கம்தான் என்றில்லை, தொழிற்சாலைக் கழிவிலோ சிலைகளின் பெயின்ட்டிலோ வரும் ஈயமும் குரோமியமும் அதே சேற்றில்தான் சேரும். பூச்சிமருந்துபோல உலோகம் சிதைந்து மறையாது.

யார் சாவாங்க, யார் பிழைப்பாங்க?

அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் உலோகத்தை அதிகம் தாங்காது. அவை குறைந்தால் அம்மோனியா தேங்கும், மீனுக்கு ஆபத்து. உலோகத்தை வெளியே தள்ளும் மரபணு உள்ளவை பிழைத்துப் பெருகும். அதனால் மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறையாமலே வகைகள் குறைந்துபோகலாம். இன்னொரு சிக்கல், இந்த மரபணுக்கள் பல நேரம் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களோடு ஒட்டியே இருக்கும். மருந்தே படாத சேற்றிலும் மருந்துக்கு அடங்காத கிருமி வளர இது ஒரு வழி.

பாதரசம் தனிக்கதை. சேற்று பாக்டீரியாக்களில் சில அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது சிறிய மீனிலிருந்து பெரிய மீனுக்கும், பிறகு சாப்பிடுபவருக்கும் போகும்.

விவசாயிக்கு என்ன?

மேலே சொன்ன நாற்றமடிக்கும் சல்பைடு ஒரு நல்ல காரியமும் செய்கிறது. ஈயம், காட்மியம், துத்தநாகத்தைப் பிடித்துக் கரையாத துகளாக்கி அடியிலேயே வைத்திருக்கும். கோடையில் ஏரி வறண்டாலோ, தூர்வாரி வண்டலை வெளியே எடுத்தாலோ காற்று பட்டு அந்தப் பிடி தளரும். அந்த வண்டலைத்தான் உரமாக வயலுக்கு ஏற்றுகிறார்கள்.

வயலில் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணை ஒரு சாட்சி. அங்கே 1942 முதல் 1961 வரை உலோகம் கலந்த சாக்கடைக் கசடை உரமாகப் போட்டார்கள். நிறுத்தி 20 ஆண்டுகளுக்குப் பிறகும், குளோவர் செடியின் வேர் முடிச்சில் இருந்த ரைசோபியம் பாக்டீரியாவால் நைட்ரஜனைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. செடி பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம், விளைச்சலே குறைந்தது. நெல் அறுத்த வயலில் போடும் உளுந்தும் இதே குடும்பம், அதற்கும் ரைசோபியம்தான் துணை.

தூர்வாரும் முன் வண்டலில் ஈயம், காட்மியம், குரோமியம் அளவைப் பார்க்க வேண்டும். மேல் அடுக்கை மட்டும் எடுத்தால் போதாது, ஆழ அடுக்குகளையும் தனித்தனியாக எடுக்கணும். பாகூரில் சுரங்கம் வருவதற்குள் சேற்று மாதிரியும் அதில் வாழும் பாக்டீரியாக்களின் பட்டியலும் பதிவாகிவிட்டால், பின்னாளில் ஏரி கெட்டுப்போச்சு என்று ஒருவர் புகார் சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்க்க கையில் கணக்கு இருக்கும்.