பொச்சாப்பு - பட்டாசு பூமிக்குத் தேவையான ஒரு பழைய சொல்

விருதுநகரில் இருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டாசு ஆலைகள். இந்தப் பக்கம் ஒரு வெடி விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் பெரும்பாலும் இரண்டு சொற்கள் வரும். ஒன்று 'உராய்வு'. இன்னொன்று 'கவனக்குறைவு'. யாருடைய கவனக்குறைவு? பல நேரம் மருந்து கலந்தவருடையது. அதாவது, திருப்பிப் பதில் சொல்ல உயிரோடு இல்லாதவருடையது!

கடமையில் தவறுவதைக் குறிக்க இன்று நம்மிடம் பல சொற்கள் உள்ளன. 'அஜாக்கிரதை' வடமொழிச் சொல்; விழிப்பு இல்லாமை என்று பொருள். 'அலட்சியம்' என்றால் ஒன்றைப் பொருட்டாக மதிக்காமை. 'கவனக்குறைவு' அந்த நேரத்தில் கண்ணும் கையும் தவறுவது. இவற்றை யார் மேல் வேண்டுமானாலும் சுமத்தலாம்.

ஆனால் தமிழில் இன்னொரு சொல் இருந்தது. பொச்சாப்பு. 'பொச்சாத்தல்' என்றால் மறத்தல். திருக்குறளின் 54-வது அதிகாரத்தின் பெயர் 'பொச்சாவாமை'. இது சாதாரண ஞாபக மறதி இல்லை. எல்லாம் நன்றாகப் போகிறது என்ற மகிழ்ச்சியில், செய்ய வேண்டிய காவலை மறந்துவிடுவதுதான் பொச்சாப்பு. அளவு மீறிய கோபத்தை விட இது கெட்டது என்கிறார் வள்ளுவர். முன்கூட்டியே காக்காதவன் பின்னால் வருந்துவான் என்றும் சொல்கிறார்.

இன்னொரு விஷயமும் முக்கியம். இந்த அதிகாரம் இருப்பது பொருட்பாலில், அரசியல் பகுதியில். இதற்கு அடுத்த அதிகாரமே செங்கோன்மை. ஆக, இந்தச் சொல் முதலில் யாரை நோக்கிப் பேசுகிறது? கீழே வேலை செய்பவனை அல்ல, பொறுப்பில் இருப்பவனை!

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கதையையும் இங்கே நினைக்கலாம். பொய் சொன்னவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன். ஆனாலும் ஆராயாமல் ஆணையிட்ட மன்னன் குற்றத்தைத் தன் மேல்தான் ஏற்றுக்கொண்டான்.

இனி சட்டத்துக்கு வருவோம். வெடிபொருள் சட்டம் வந்தது 1884-ல். உரிமம், அறைகளுக்கு இடையே தூரம், ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று விதிகள் பின்னால் வளர்ந்தன. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான 304ஏ பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870-ல் சேர்க்கப்பட்டது. அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு இதை 5 ஆண்டாக உயர்த்தியது. தண்டனை கூடியது, நல்லதுதான். ஆனால் விபத்துகள் நிற்கவில்லை.

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். தீபாவளி ஆர்டர் குவியும் நேரம் அது. உதவிக்கு ஓடியவர்களும் பலியானார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பலி. அதன் பிறகு அதிகம் பேசப்பட்ட வார்த்தை 'உள்குத்தகை'. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகளைப் பிரித்து வேறு பலர் நடத்துவார்கள். அப்படி என்றால் காவல் யார் கையில்?

ஒரு அறையில் அளவுக்கு மேல் ஆளும் மருந்தும் இருக்கும்போது, கை தவறுவது ஒரு நொடி. ஆனால் அந்த அறையை அப்படி நிரப்பியது ஒரு நொடியில் நடந்ததல்ல. ஆர்டர் வந்த சந்தோஷத்தில், "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்ற தைரியத்தில் நாள்கணக்கில் நடந்தது. முதலாவதற்குப் பெயர் கவனக்குறைவு. இரண்டாவதற்குத்தான் பொச்சாப்பு என்று பெயர். விபத்து வழக்குகளில் உரிமையாளர், போர்மேன் பெயர்களும் சேர்க்கப்படுவது உண்டு. ஆனால் ஊர்ப் பேச்சில் பழி முதலில் போய் நிற்பது செத்தவர் கையில்தான்.

மகிழ்ச்சியில் திளைக்கும்போது, இதே மறதியால் அழிந்தவர்களை நினைத்துப் பார் என்பதும் அந்த அதிகாரம் சொல்வதுதான். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், ஆலையை நடத்துபவரும் ஆய்வுக்கு வரும் அதிகாரியும் முதலிப்பட்டியை ஒரு முறை நினைத்தால் போதும். அந்தப் பழைய சொல்லுக்கு அதைவிட நல்ல உரை வேண்டியதில்லை.