வெள்ளியும் தாளும்

புகைப்படக்கலையை ஒளியின் கலையென்று போற்றுவது வழக்கமாயினும், இலங்கையில் அது வேரூன்றிய வரலாற்றை நோக்குவோர்க்கு, கண்ணாடியும் வெள்ளியுப்பும் முட்டை வெண்கருவும் தாளும் கைப்பழக்கமும் சேர்ந்து பிறப்பித்த ஸ்தூலமான கலையாகவே அது தோன்றும்.

1870, 1871 ஆம் ஆண்டுகளில் அரசாங்கத்தின் தொல்பொருட் குழுவுக்காக அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் படம்பிடித்த ஜோசப் லோட்டன், கொலோடியன் என்னும் பசைத்திரவத்தைக் கண்ணாடித் தட்டிலே சீராகப் பரப்பி, அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, காயுமுன்பே கழுவியும் முடிக்கவேண்டியவராயிருந்தார். ஈதர் விரைந்து ஆவியாகும் நம் தேசத்து வெப்பத்திலே, இருட்டுக் கூடாரத்தையும் கனத்த தட்டுகளையும் மருந்துகளையும் காட்டு வழியே சுமப்பித்துச் சென்று அவர் செய்த அக்காரியத்தைத் தபசு என்றே சொல்லத் தோன்றுகிறது. பின்னர் வெண்கருவும் உப்பும் பூசி, வெள்ளிக் கரைசலால் ஒளியுணர்வூட்டிய தாளை அத்தட்டின் கீழ் வைத்து வெயிலிற் காட்டினால், உருவம் மெல்ல மெல்ல வந்து படியும்.

லயனல் வெண்ட் என்னும் கொழும்புக் கலைஞரின் கதை இக்கலையின் ஸ்தூலத்தன்மைக்கு இதைவிட உறுதியான சான்று. பியானோ வித்தகராகவும் விளங்கிய அவர், இருட்டறையில் பாதி உருவம் தோன்றிய படத்துக்கு மீண்டும் ஒளிகாட்டி விளிம்புகளிலே விசித்திரமான கோடுகளை எழுப்பினார். கமெராவே இன்றிப் பொருள்களை நேரே தாளின்மீது வைத்தும் படம் செய்தார். 1944 டிசம்பரில், தமது 44 ஆம் வயதில் அவர் காலமானபின், நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை தாளில் அச்சிட்ட படங்களே. புகைப்படக் கலைஞராக அவரது கீர்த்தி இன்று அந்தத் தாள்களின் மேலேயே நிற்கிறது.

மூதூருக்குத் தெற்கே வயல்கள் சூழ்ந்த கிளிவெட்டியில், படம் தாளிலேயே வாழ்கிறது என்னும் இவ்வுண்மை வேறொரு விதமாக மனத்தை வருத்துகிறது. 2006 ஆம் ஆண்டு யுத்தத்தில் சம்பூர்ப் பகுதியினின்றும் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பல, பின்னர் இங்குள்ள இடைத்தங்கல் முகாமிலே ஆண்டுக்கணக்காகத் தங்கின. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் சுவரிலே தொங்கும் கலியாணப் படத்தைக் கழற்ற நிற்பதில்லை. ஸ்ரூடியோவில் எடுத்த ஒரேயொரு பிரதியன்றி வேறில்லாத தாயின் முகம், வீடு இடிந்தபோது அதனோடு போயிற்று. தப்பிய படத்துக்கும் மழையும் கறையானும் சத்துருக்கள். தாளின்மேற் படிந்த ஜெலற்றின் ஈரத்தால் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால், பிரிப்பது மிக அரிது.

ஆகையால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நனைந்த படங்களைக் காயவிடாது, சுத்தமான குளிர்நீரில் வைத்து மெதுவாகப் பிரித்து, முகம் மேலிருக்க உலர்த்துங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். கைத்தொலைபேசியில் உள்ள முகங்களிற் சிலவற்றையேனும் தாளில் அச்சிட்டு, ஒரு பிரதியை வேறூரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்திருங்கள்.