மேகம் மூடினாலும் முல்லைப் பெரியாறு தெரியும்! சாட்டிலைட் தண்ணீரை அளப்பது எப்படி?

தேனி மாவட்டம் கூடலூரில் நாற்று பாவலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ஒரே கேள்விதான்: பெரியாறு எத்தனை அடி? கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி இந்தத் தண்ணீரை நம்பித்தான் நடக்கிறது. அணை இருப்பதோ கேரளக் காட்டுக்குள்.

விண்ணில் இருந்தே அணையைப் பார்க்கலாம். ஆனால் சாதாரண கேமரா சாட்டிலைட்டுக்கு ஒரு சிக்கல். தென்மேற்குப் பருவமழையில் அணை நிரம்பும் நேரம் பார்த்துத்தான் மேகமும் மூடிக்கொள்ளும்!

அங்கேதான் ரேடார் கைகொடுக்கிறது. அதன் அலைகள் மேகத்தைத் துளைத்துப் போகும். அசையாத தண்ணீரில் பட்டால், கண்ணாடியில் பட்டதுபோல வேறு பக்கம் தெறித்துவிடும், சாட்டிலைட்டுக்குத் திரும்பாது. அதனால் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-1 இப்படித்தான் பார்க்கிறது. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிய இஸ்ரோ - நாசா கூட்டுத் தயாரிப்பான நிசாரும் ரேடார் சாட்டிலைட்தான். 12 நாளைக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும்.

சரி, அடிக்கணக்கு எப்படி வரும்?

படம் காட்டுவது தண்ணீர் பரவிய பரப்பை மட்டும்தான். எத்தனை அடிக்கு எவ்வளவு பரப்பு என்ற அட்டவணையோடு பொருத்தினால்தான் அடி கிடைக்கும். ஓரடி, ஈரடி முன்னே பின்னே ஆகலாம். ஆடிக்காற்றில் அலை எழுந்தாலும் படம் குழம்பும்.

மற்ற இடத்தில் ஓரடி பெரிய விஷயமில்லை. இங்கே 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. 104 அடிக்குக் கீழே போனால் தமிழகத்துக்குத் தண்ணீர் எடுக்க முடியாது. அதனால் தண்ணீர் திறப்புக்கு இன்றும் அணையில் நேரடியாக அளக்கும் நீர்மட்டம்தான் கணக்கு.