முட்டுக்கட்டையும் கிர்லிங்கும்

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது, 31 என்று எழுதிய வளைவுப் பலகைக்குக் கொஞ்சம் முன்னால், என் ஜீப்பின் பிரேக் பெடல் தரையைத் தொட்டது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு மூன்று முறை வேகமாகப் பம்ப் செய்ததில் கொஞ்சம் பிடித்தது. கியரை முதலுக்குத் தள்ளி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் பம்பரை உரசி ஒருவழியாக நிறுத்தினேன். டிரம்களிலிருந்து முடி தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம். பின்சீட்டில் இருந்த நண்பன் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இந்த வண்டிய வித்துடு மச்சான்" என்றான்.

வண்டி மேல் தப்பில்லை. அது பழைய ஜீப், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இரண்டாவது லீவரை இழுத்து லோ கியரில் போட்டிருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கியிருக்கும். ஃபோர் வீல் டிரைவ் வாங்கியதே சேற்றில் படம் எடுத்துப் போடத்தான் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த லீவர் ஓர் அலங்காரம். அன்றைக்கு நாற்பது நிமிடம் டிரம் ஆறும்வரை காத்திருந்து, மீதி மலையை அந்த அலங்காரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம், நான் வேலை செய்யும் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். தகரக் கூரை, ஒரு ஜாக்கி, ஒரு ஏர் கம்ப்ரஸர், ஒரு மேஸ்திரி, இரண்டு பையன்கள். மேஸ்திரி மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"இது பிரேக் ஆயிலா, டிகாஷனா தம்பி? எப்ப மாத்துன?"

நான் மாற்றியதே இல்லை.

பிரேக் ஆயில் உண்மையில் எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகை திரவம். அதற்கு ஒரு கெட்ட பழக்கம், காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மூன்றே முக்கால் சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரிக்கே கொதித்துவிடலாம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன? கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவத்தை அழுத்தினால் அது சக்கரம்வரை விசையைக் கொண்டுபோகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நான் மிதித்தது அந்த ஆவியை.

வெப்பம் எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். என்ஜினியரிங் படித்ததற்கு இந்த ஒரு பயனாவது இருக்கட்டும். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் வண்டி, ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 15 மெகாஜூல். ஐம்பது லிட்டர் தண்ணீரை முப்பது டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. ஒரு சின்னக் கல்யாணத்துக்கு உலை வைக்கலாம். இன்ஜினை உதவிக்குக் கூப்பிடாததால் அதில் பெரும்பங்கு நான்கு இரும்புச் சட்டிகளுக்குள் போனது.

பிரேக் என்பது வேகத்தை எங்கோ ஒளித்துவைக்கிற கருவி இல்லை, அதை உராய்வால் சூடாக மாற்றுகிற கருவி. மனிதர்கள் ரொம்ப நாளாக இதைச் செய்கிறார்கள். நம் ஊரில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது, முட்டுக்கட்டை. இன்றைக்கு அதை அரசியல் செய்தியில்தான் பார்க்கிறோம், 'திட்டத்துக்கு முட்டுக்கட்டை' என்று. அசல் முட்டுக்கட்டை தேர்ச் சக்கரத்துக்கு அடியில் சொருகுகிற ஆப்பு வடிவ மரத்துண்டு. தேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்து, சரியான நொடியில் கட்டையைக் கொடுத்து, தேரைத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஒரு நொடி பிசகினால் கை, கால் போய்விடும். வடம் பிடித்தவர்களுக்குப் புண்ணியம் என்று எல்லோரும் சொல்வார்கள். கட்டை போட்டவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. நீண்ட காலம் ஓடாமல் நின்றிருந்து 1970ல் மறுபடி ஓடத் தொடங்கிய திருவாரூர் ஆழித்தேருக்குப் பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதற்குப் பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் பக்கத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மலைப்பாங்கான டெர்பிஷைரில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் கட்டை வழுக்காமல் இருக்கப் பழைய பூட்ஸை அதில் சேர்த்துக் கட்டுவதை ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் பார்த்தார். செருப்புத் தோலே இப்படிப் பிடிக்கிறது என்றால் இதற்கென்றே ஒரு பொருளைச் செய்தால் என்ன? 1897ல் தொழில் தொடங்கினார். அதுதான் ஃபெரோடோ, அவருடைய பெயரையே கலைத்துப் போட்டு, ஒரு எழுத்துச் சேர்த்துச் செய்த பெயர். முதலில் பருத்தி நாடாவில் பிசின் ஏற்றினார். மோட்டார் வண்டியின் வேகத்துக்கு அது கருகியது. அடுத்த சில ஆண்டுகளில் கருகாத நாரைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தது ஆஸ்பெஸ்டாஸ். நம் வீட்டுக் கூரைக்கு வந்த அதே கல்நார்.

ஆல்பர்ட் கிர்லிங் என்ற இன்னொரு ஆங்கிலேயர் 1925ல் ஒரு பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்களுக்கு நடுவே ஒரு ஆப்பைத் தள்ளினால் அவை விரிந்து டிரம்மை அழுத்தும். தேருக்கு வெளியே போட்ட ஆப்பைச் சக்கரத்துக்கு உள்ளே போட்டதுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. மெக்கானிக்கல் என்ஜினியர்கள் என்னை அடிக்க வரலாம். கிர்லிங் என்ற பெயர் பிறகு லூகாஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கிருந்து நம் பாடிக்கு வந்தது.

எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1950களின் தொடக்கம்வரை இந்தியாவில் ஓடிய கார்களும் லாரிகளும் பெரும்பாலும் பெட்டியில் வந்து இங்கே முடுக்கப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் 1928 முதல் அப்படித்தான் செய்தது. ஃபோர்டுக்கு மெட்ராஸிலேயே அசெம்ப்ளி இருந்தது. 1953ல் சுங்கவரிக் கமிஷனின் பரிந்துரையை ஏற்று, இங்கேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் கடையைச் சாத்தலாம் என்று அரசு சொல்லிவிட்டது. இரண்டு கம்பெனிகளும் கிளம்பின. அப்படியானால் சக்கரம், டைனமோ, பிரேக் எல்லாம் யார் செய்வது?

மதுரையில் 1911ல் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பம் அதுவரை பஸ் விடுவதிலும் வண்டி, உதிரிபாகங்கள் விற்பதிலும் பேர் வாங்கியிருந்தது. உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது கரியில் பஸ் ஓட்டக் கேஸ் பிளாண்ட் செய்து விற்ற அனுபவமும் அவர்களுக்கு உண்டு. தட்டுப்பாட்டைத் தொழிலாக மாற்றும் வித்தை என்று இதைச் சொல்லலாம். 1960ல் வீல்ஸ் இந்தியா, 1961ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962ல் லூகாஸ் கிர்லிங்கோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா, அதே ஆண்டு லாரி பஸ்களின் ஏர் பிரேக்குக்காகக் கிளேட்டன் டிவாண்ட்ரேவோடு சேர்ந்து சுந்தரம் கிளேட்டன். நான்கும் பாடியில். பக்கத்திலேயே அம்பத்தூரில் 1964ல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங். 1974ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அதுவும் பாடி. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இந்த ஊர்தான், குரு பெயர்ச்சிக்கு இன்றும் கூட்டம் தெருவரை நிற்கும். தேவாரத் தலம் ஒன்றைச் சுற்றி இத்தனை பிரேக் கம்பெனிகள் வேறெங்காவது இருக்குமா தெரியவில்லை.

இன்னும் மேற்கே போனால் ஆவடி. 'ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம்தான் ஆவடி என்று வாட்ஸாப்பில் வருஷத்துக்கு இரண்டு முறை எனக்கு வரும். டாங்கித் தொழிற்சாலை 1961ல் வந்தது. காங்கிரஸ் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்ட ஆவடி மாநாடு 1955 ஜனவரியில். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் எப்படி இனிஷியல் வரும்? ஆனால் ராணுவம் இங்கே உலகப் போர்க் காலத்திலிருந்தே இருக்கிறது. ராணுவம் கழித்துவிடும் 'டிஸ்போசல்' ஜீப்புகளை ஏலத்தில் எடுத்துப் பிரித்துப் பூட்டி விற்கும் தொழிலும் அதன் நிழலில் வளர்ந்தது. என் மேஸ்திரி தொழில் கற்றது அந்த ஜீப்புகளில்தான். ஒன்பது இஞ்ச் டிரம், ஒரே சர்க்யூட். ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. ஹாண்ட் பிரேக் மட்டும் சக்கரத்தில் இல்லாமல் கியர் பெட்டிக்குப் பின்னால் தண்டில் பிடிக்கும், அதனால் தனியாகத் தப்பிக்கும்.

அவர் வீலைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியால் நான்கு தட்டுத் தட்டி உருவினார். உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் மாவு மாதிரித் தூசி. லைனிங் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இறுகிக் கிடந்தது. டிரம்மை லேத்துக்கு அனுப்பணும், ஷூவுக்குப் புது லைனிங் ரிவெட் அடிக்கணும், வீல் சிலிண்டர் கிட் நான்கும் மாத்தணும் என்று சொல்லிக்கொண்டே ஏர் பைப்பை எடுத்தார். ஒரே ஊது. தூசி மேகமாக எழுந்து எங்கள் மூவர் மேலும் படிந்தது. பையன் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

எனக்குப் பெரிய மாமா ஞாபகம் வந்தார். அம்மாவின் அண்ணன். எஸ்டேட்டுக்கு வெளியே எட்டுப் பேர் வேலை செய்த ஒரு சின்ன யூனிட்டில் இருபத்தி இரண்டு வருஷம் பிரேக் ஷூவுக்கு லைனிங் அடித்தவர். பழைய லைனிங்கை உளியால் பெயர்த்து, புதியதைத் துளைபோட்டு, ரிவெட் அடித்து, கடைசியில் ஓரத்தைக் கிரைண்டரில் தேய்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அத்தை வாசலிலேயே சட்டையை வாங்கி உதறுவார். மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டி.பி. மருந்து கொடுத்தார்கள், ஆஸ்துமா பம்ப் கொடுத்தார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு டாக்டரும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் போய்விட்டார். அது கல்நார்த் தூசியாலா, நாற்பது வருஷ பீடியாலா என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. கல்நார் நோயின் குணமே அப்படி, இருபது முப்பது நாற்பது வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் யூனிட் மூடியிருக்கும், முதலாளி மாறியிருப்பார், வருகைப் பதிவேடு பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் அவருடைய உயிர்வாழும் உரிமையின் பகுதி, கல்நார்த் தொழிலில் இருப்பவரின் மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து நாற்பது ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் பதினைந்து ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். முதன்முதலில் படித்தபோது அசந்துவிட்டேன். நான் வேலை செய்யும் இடத்தில் சர்வர் லாக் தொண்ணூறு நாள்தான். நாற்பது ஆண்டு என்று யோசித்த நீதிபதிகள் நோயைப் புரிந்துகொண்டவர்கள். ஆனால் அப்போதைய தொழிற்சாலைச் சட்டம் மின்சாரத்தோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் பொதுவாக உள்ளேயே வந்தது. மாமாவின் யூனிட்டில் எட்டுப் பேர். மேஸ்திரியின் கூரைக்குக் கீழே மூன்று.

இதே காலத்தில் இதே பாடியில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. 1998ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவுக்கு அதுவே முதல் டெமிங். 2001ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003ல் ரானே பிரேக் லைனிங். ஐரோப்பா 2005க்குள் கல்நாரை முழுக்கத் தடை செய்த பிறகு அங்கே ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் அது இல்லாத லைனிங் செய்தே ஆக வேண்டும். படிப்படியாக மாறினார்கள். பாடியின் பெரிய சுவர்களுக்கு உள்ளே அரைமணிக்கு ஒருமுறை அளவெடுத்து வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள் என்றால், அந்தச் சுவரிலிருந்து ஒரு கிலோமீட்டரில் ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு தூசியை வாங்கிக்கொள்கிறான். இந்தியாவில் வெள்ளைக் கல்நாருக்கு இன்றுவரை முழுத் தடை இல்லை. கடையில் விலை குறைந்த லைனிங் வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று தேய்ந்த தூசியைப் பார்த்துச் சொல்ல ஒர்க்‌ஷாப்பில் எந்தக் கருவியும் கிடையாது.

"அண்ணா, அத ஊதாதீங்க. தண்ணி அடிச்சுத் தொடைக்கலாம்ல?" என்றேன்.

மேஸ்திரி சிரித்தார். "முப்பது வருசமா ஊதிக்கினு கீறேன். இன்னா ஆயிப்போச்சு?"

"அதான் அண்ணா, முப்பது வருசம் கழிச்சுதான் ஆவும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எதுவும் பேசவில்லை. பைப்பைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் மாமாவைப் பற்றிப் பையனிடம் சொன்னேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

மூன்று நாள் கழித்து, லேத்திலிருந்து டிரம் வந்துவிட்டது என்று போன் வந்தது. போகும்போது செடிக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டில் ஒன்றும், கொஞ்சம் சோப்புத் தூளும் வாங்கிப் போனேன். கடைசி வீல் இன்னும் கழற்றாமல் இருந்தது. மேஸ்திரி பாட்டிலை வாங்கி ஒரு பக்கமாகப் பார்த்துவிட்டு, "பூச்செடிக்கா?" என்றார். பிறகு டிரம்மை உருவி, பையனிடம் பாட்டிலை நீட்டினார். அவன் அடித்தான். கருப்புத் தண்ணீர் வடிந்து பழைய துணியில் ஊறியது. அந்தத் துணியை எங்கே போடுவது என்று அவன் கேட்டதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. ஒரு பாலிதீன் கவரில் முடிந்து வைத்தான்.

எல்லாம் பூட்டி முடித்ததும் லைனில் ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தில் நிப்பிளைத் திறந்து குமிழி வெளியேறும்வரை பார்க்க. பையன் டீ வாங்கப் போயிருந்ததால் நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்கு அடியிலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது.

"அமுக்கு... அமுக்கு... அமுக்கிப் புடி. உடாத. ஆங், உடு."