மாணவர் சந்தாவும் மாணவர் குரலும்

ஒரு சங்கம் யாருக்காகப் பேசுகிறது என்பதை அறிய வேண்டுமாயின், அதன் மேடைப் பேச்சைக் கேட்பதைக் காட்டிலும் அதன் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பதே நேரிய வழியாகும். பணம் கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அவனுக்கு விடை சொல்லச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. தோட்டத் தமிழர் இவ்வுண்மையை ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். 1954-ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான நாள் முதலாக, மாதச் சந்தா கட்டியே அறிந்தவர்கள்.

கேமரன் மலையில் கியா பார்ம் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளும் இன்று பல்கலைக் கழகப் படி ஏறுகிறார்கள். ஆங்கே மாணவர் நலனுக்காகவும் பொது மக்கள் நலனுக்காகவும் வாதாடும் அமைப்புக்கு அவர்கள் பணம் கொடுக்க வேண்டுமா? கொடுப்பதாயின் அது கட்டாயமா, விருப்பமா? அப்பணம் யார் கையில் இருக்க வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் நம் நாட்டு வரலாற்றிலேயே விடை தேட இடமுண்டு.

விரும்பிக் கொடுத்த பணம்

பல்கலைக் கழகத்திற்காகத் தோட்டத் தொழிலாளர் விரும்பிப் பணம் கொடுத்த காலம் ஒன்று உண்டு. 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், எட்டாம் எட்வர்டு அரசர் அல்ல, ஏழாம் எட்வர்டு அரசர் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரியும் இராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து, மலாயாப் பல்கலைக் கழகம் சிங்கப்பூரில் தோன்றியது. அதில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபொழுது, சமஸ்கிருதத்திற்கே முதன்மை என்ற கருத்தும் உடன் எழுந்தது. தமிழுக்கே அவ்விடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதியும் திரட்டினார். செல்வர் மட்டுமன்றி, அன்றாடங் காய்ச்சிகளும் இயன்றதைக் கொடுத்தனர். துறை 1956-ஆம் ஆண்டில் தமிழைக் கொண்டு தொடங்கிற்று. எவரும் கட்டாயப்படுத்தாமல் வந்த பணம் அது. ஆகவே அதனோடு கொடுத்தவர்களின் குரலும் சேர்ந்தே வந்தது.

சங்கம் பேசிய காலம்

மலாயாப் பல்கலைக் கழகத்தின் மாணவர் சங்கம் மாணவர் சந்தாவின் துணையோடு இயங்கியது. சொந்தமாகச் செய்தித்தாளும் நடத்தியது. 1967-இல் தெலுக் கோங் நிலமற்ற விவசாயிகளின் பக்கம் மாணவர் நின்றனர். 1969-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது தம் கோரிக்கைகளை அறிக்கையாக எழுதி ஊர் ஊராகக் கூட்டம் நடத்தினர்.

1971-இல் பல்கலைக் கழகங்கள், பல்கலைக் கழகக் கல்லூரிகள் சட்டம் பிறந்தது. ஆயினும் மாணவர் குரல் அடங்கவில்லை. 1974-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜொகூர் பாருவில் வீடிழந்த ஏழைகளுக்காகக் கிளர்ந்தனர். அதையொட்டிச் சங்கம் இடைநிறுத்தம் செய்யப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் ரப்பர் விலை வீழ்ந்து, பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர் பசியால் வாடினர். டிசம்பர் 3-ஆம் நாள் கோலாலம்பூரில் திரண்ட மாணவருள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கைதாயினர். பாலிங்கில் வாடியவர் பெரும்பாலும் மலாய்க்காரர். ஆனால் ரப்பர் விலையோடு பிணைந்த வாழ்வுதானே தோட்டத் தமிழர் வாழ்வும்!

பையைக் கட்டிய சட்டம்

1975-ஆம் ஆண்டுத் திருத்தம் அரசியல் தொடர்பைத் தடுத்து மாணவர் வாயைக் கட்டியது. அத்தோடு நில்லாமல் பணப் பையையும் கட்டியது. பழைய சங்கத்தின் இடத்தில் மாணவர் பிரதிநிதித்துவ மன்றம் வந்தது. மன்றம் தனக்கென நிதி வைத்துக்கொள்ளலாகாது. எவரிடமிருந்தும் பணம் திரட்டலாகாது. செலவு செய்யத் துணைவேந்தரின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும். செலவிட்ட பின் ரசீதுகளைக் காட்டினால் பல்கலைக் கழகம் பணம் கொடுக்கும். இதன் பொருள் யாது? துணைவேந்தரின் முடிவொன்றை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சிட வேண்டுமாயினும், அதற்கான செலவை அத்துணைவேந்தரிடமே கேட்டு வாங்க வேண்டும் என்பதே.

பிற நாடுகளின் அனுபவம்

பிற நாடுகளில் சிக்கல் வேறு உருவில் எழுந்தது. அமெரிக்காவில் இரால்ப் நேடரின் தூண்டுதலால் 1970-களில் மாணவர் பொதுநல ஆய்வுக் குழுக்கள் தோன்றின. நுகர்வோர் நலனுக்கும் சுற்றுச்சூழலுக்கும் வாதாடிய இக்குழுக்களுக்குப் பல இடங்களில் கல்விக் கட்டணத்தோடு சிறு தொகை வசூலிக்கப்பட்டது. வேண்டாதவர் பின்னர் திரும்பப் பெறலாம். நியூ ஜெர்சி மாநில ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்தில், உடன்படாதவரிடம் முதலில் வாங்கிப் பிறகு திருப்புவதும் கட்டாயமே என்று 1985-இல் கூட்டரசு மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2000-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் வழக்கில், எக்கருத்துக்கும் சார்பின்றிப் பகிர்ந்தளிப்பதாயின் பொது மாணவர் கட்டணத்தைக் கட்டாயமாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆஸ்திரேலியா 2006-ஆம் ஆண்டு ஜூலை முதல் கட்டாயச் சங்கக் கட்டணத்தை ஒழித்தது. பல சங்கங்கள் மெலிந்தன. மாணவர்க்கான பணிகள் சுருங்கின. 2011-இல் சேவைக் கட்டணம் ஒன்று புதிய சட்டத்தின் வழி திரும்பியது. அரசியல் கட்சிக்கோ வேட்பாளருக்கோ அதைச் செலவிடத் தடையும் உடன் வந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாநில அரசு 2019-இல் மாணவர் சங்கக் கட்டணம் பலவற்றை விருப்பக் கட்டணம் ஆக்கியது. மாணவர் அமைப்புகள் வழக்குத் தொடுத்து அவ்வாண்டு நவம்பரிலேயே வென்றன. 2021-இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. ‘விருப்பம்’ என்னும் நல்ல சொல்லும், சங்கத்தைப் பட்டினி போட விரும்புவோர் கையில் கருவியாகலாம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

தளர்ந்த முடிச்சு

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல், மாணவர் அரசியல் கட்சிக்கு ஆதரவு காட்டுவதைத் தடுத்த விதி செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் சட்டம் திருந்தியது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் வளாகத்திற்குள் அரசியல் நடவடிக்கைக்கும் வழிவிட்டது. ஆயினும் மாணவர் அமைப்புகள் பணம் திரட்டவும் தம் நிதியைத் தாமே நிருவகிக்கவும் இடந்தரும் திருத்தம், 2024-ஆம் ஆண்டு மார்ச்சில்தான் மக்களவையில் நிறைவேறியது. வாயின் கட்டு தளரத் தொடங்கிய பின்னும் பையின் முடிச்சு தளரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதிகாரம் எதனைக் கண்டு மிகுதியும் அஞ்சுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனிப் பொறுப்பு மாணவரைச் சார்ந்தது. உடன்படாத ஏழை மாணவனிடம் வலிந்து வாங்கும் பணம் சங்கத்தைப் பெரிதாக்கலாம். ஆனால் கேளாமலே வரும் பணத்திற்குக் கணக்குக் காட்டும் பழக்கம் எளிதில் மறந்துபோகும். மேலிடம் கொடுக்கும் பணமோ மேலிடத்தின் மனம் நோகாமல் பேசவே கற்பிக்கும். விரும்பிக் கொடுக்கும் பணம் சிறிதாயினும், ஆண்டுதோறும் மாணவர் முன் சென்று, “சென்ற ஆண்டு உங்களுக்காக இன்னது செய்தோம்” என்று சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வி நேரமே சங்கத்தின் உயிர்.

கியா பார்ம் மலைச் சரிவில் தாய் கொழுந்து பறித்து ஈட்டிய கூலியில் ஒரு வெள்ளியை மகள் மாணவர் அமைப்புக்குக் கொடுப்பாளாயின், அதைத் தானே நினைந்து கொடுத்தவளாக இருத்தல் வேண்டும். அது எங்கே சென்றது என்று கேட்கவும் அறிந்தவளாக இருத்தல் வேண்டும். கொடுக்கும் மனத்தைப் பள்ளியில் வளர்ப்பது போலவே, கணக்குக் கேட்கும் துணிவையும் பள்ளியிலேயே வளர்த்தல் நலம்.