சாரலில் நனையும் கேமரா: வாசலைக் காக்கட்டும், வீட்டைக் காட்ட வேண்டாம்

தென்காசி, கடையநல்லூர், அச்சன்புதூர் பக்கம் ஆண்கள் வளைகுடா நாடுகளிலும், பெண்களும் பெரியவர்களும் ஊரிலுமாக இருக்கும் வீடுகள் ஏராளம். துபாயில் இருந்தபடியே வீட்டு கேட்டைப் பார்க்கலாம் என்பதால் பலரும் வயர்லெஸ் கேமரா வாங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது நம் ஊர்ச் சாரலைத் தாங்குமா, அதன் வழியாக வேறு யார் பார்க்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

'வயர்லெஸ்' என்றால் வயரே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். படம்தான் வைஃபையில் போகும். பெரும்பாலான கேமராக்களுக்குக் கரண்ட் வயரில்தான் வர வேண்டும். பேட்டரியும் சோலார் தகடும் உள்ளவை கிடைக்கின்றன. குற்றால சீசனில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நாள்கணக்கில் மூட்டம் போட்டால் சோலாரை மட்டும் நம்ப முடியாது. கரண்ட் போனால் ரூட்டரும் நின்றுவிடும், அதையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். நெட் இல்லாதபோதும் பதிவாக மெமரி கார்டு அவசியம். ஐபி65 அல்லது ஐபி66 என்று போட்டிருப்பதை வாங்கி, சன்ஷேடுக்குக் கீழே மாட்டுவது நல்லது.

செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் தென்னை ஓலை ஆடினாலே சில கேமராக்கள் மொபைலில் எச்சரிக்கை அடிக்கும். நாலு நாளில் எரிச்சலாகி அதை அணைத்துவிடுவோம்; பிறகு கேமரா இருந்தும் பயனில்லை. மனித உருவத்தையோ உடல் சூட்டையோ கண்டு எச்சரிக்கும் வகை மேல். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினால் இரவில் படம் வெள்ளையாகிவிடும். அவ்வப்போது துடைக்க வேண்டும்.

இனி, யார் பார்க்கிறார்கள் என்பது. 2016ல் 'மிராய்' என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களிலும் ரூட்டர்களிலும் உலகெங்கும் புகுந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேமரா மாட்ட வந்தவர் தன் மொபைலிலேயே ஆப்பைத் திறந்து, தானே பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போகிறார். நம் வீட்டுப் பெண்கள் முற்றத்தில் துணி காயப்போடுவது அவருக்கும் தெரியும்! அவர் கிளம்பியதும் பாஸ்வேர்டை மாற்றி, ஆப்பில் வேறு யார் இணைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டு ஜன்னலும் மொட்டை மாடியும் படத்தில் விழக் கூடாது. அனுமதி பெறாமல் அடுத்தவர் வீட்டில் நுழைவதைத் திருக்குர்ஆன் (24:27) தடுக்கிறது. கேமராவால் நுழைவதும் அதில் சேரும் என்பதே நம் கருத்து. அந்தப் பகுதியை மட்டும் மறைக்கும் வசதி பல ஆப்களில் உண்டு. வீட்டுக்குள் மாட்டுவதாக இருந்தால் குடியிருப்பவர்களின் சம்மதம் வேண்டும். சம்மதமின்றி மாட்டுவது அந்தரங்க உரிமை மீறல் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025ல் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் கணவர்மார் இதைக் கவனிக்கவும்.

திருட்டு நடந்துவிட்டால் முதலில் பதிவை நகலெடுங்கள். கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஆள் தேடுவதைவிட, கார்டையும் நகலையும் காவல் நிலையத்தில் கொடுப்பதே சரி. நீதிமன்றத்தில் அதைக் காட்ட, பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழும் தேவைப்படும்.