அடியால் அல்ல, பரிசால்: கண்ணிவெடி தேடிய நாய்கள்



1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எமது உறவுகள் புத்தளத்தில் தஞ்சமடைந்ததை நாம் அறிவோம். 2002 போர்நிறுத்தத்தின் பின் ஊர் திரும்ப நினைத்தவர்களை மண்ணுக்குள் கிடந்த கண்ணிவெடிகள் மறித்தன. அவற்றைத் தேடும் பணியில் நாய்களும் இருந்தன.

இந்த நாய்களை அடித்துப் பழக்குவதில்லை. வெடிமருந்தின் மணம் பிடித்ததும் நாய் அசையாமல் உட்கார வேண்டும். சரியாக உட்கார்ந்தால் உடனே விளையாடப் பந்து கிடைக்கும். அடிக்குப் பயந்து சும்மா உட்காரும் நாயை நம்பி யார் அந்த நிலத்தில் கால் வைப்பார்?

நல்ல பலன் தந்த செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பதை 1898இல் அமெரிக்காவின் தோர்ன்டைக் பூனைகளை வைத்துக் காட்டினார். 1951இல் ஸ்கின்னர் இதே வழியில் நாயைப் பழக்கும் முறையை எழுதினார்.

வேட்டைக்குப் பயிற்றப்பட்ட பிராணிகளைப் பற்றி ஸூரதுல் மாஇதாவின் 4ஆம் வசனம் பேசுகிறது. அல்லாஹ் நமக்குத் தந்த அறிவிலிருந்தே அவற்றுக்குக் கற்பிக்கிறோம் என்கிறது. அப்படியானால் அது பொறுப்பான வேலை.

எமது வாடிகளிலும் தோட்டங்களிலும் காவல் நாய்கள் உண்டு. கூப்பிட்டதும் வந்தால் அந்தக் கணமே ஒரு துண்டு மீன் கொடுப்போம். பிந்திக் கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. கல்லெறியும் எம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.